ஜிபூட்டியில் நிற்கும் என் பெட்டி: எத்தியோப்பியாவுக்கும் அவர்களுக்கும் என்னதான் உறவு?

அம்பத்தூர் லேத் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மாவு மில்லுக்கான ஸ்பேர் செய்கிறோம், ஷாஃப்ட், ரோலர், சல்லடைச் சட்டம் இந்த மாதிரி. இத்தனை வருஷமாகக் கோயம்புத்தூர் பார்ட்டி ஒருத்தர் மூலமாகத்தான் சரக்கு வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. முதல் தடவையாக நானே நேரடியாக அடிஸ் அபாபாவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு 20 அடிப் பெட்டி ஒன்று அனுப்பினேன். 30 சதவீதம் அட்வான்ஸ் கைக்கு வந்துவிட்டது, மீதியைக் கட்டிவிட்டு அவர்கள் பேங்கில் டாக்குமெண்டை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. சென்னையில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, பக்கத்து நாடான ஜிபூட்டியில் இறங்கி இன்றோடு 41 நாள்.

இறங்கினது இறங்கினபடியே கிடக்கிறது. அந்த ஆளுக்கு வாட்ஸ்அப்பில் போட்டால் "ஜிபூட்டி ப்ராப்ளம், மை பிரதர்" என்று ஒரு கும்பிடு பொம்மையோடு பதில் வருகிறது. எத்தியோப்பியாவுக்குத்தானே அனுப்பினேன், நடுவில் இந்த ஜிபூட்டிக்காரன் எங்கே வந்தான்? அந்த நாட்டுக்குச் சொந்தமாக ஒரு துறைமுகம்கூடவா இல்லை?

என் மச்சான் வேறு யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு, எத்தியோப்பியா கடல் வேண்டும் என்று சண்டைக்கு நிற்கிறது, அடுத்த ஆர்டரை எடுக்காதே என்று வீட்டில் எல்லார் காதிலும் ஓதிவிட்டார். அடுத்த ஆர்டர் இதைப்போல இரண்டு மடங்கு. இந்த இரண்டு நாட்டுக்கும் உறவு எப்படி? சண்டை வந்து வழி அடைத்துக்கொள்ளுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாரிமுனை கிளியரிங் எழுதியது:

சார், 22 வருஷமாக இந்த லைனில் இருக்கிறேன், அதனால் உலக அரசியலுக்கு முன்னால் உங்கள் பி.எல்.-ஐ, அதாவது கப்பல் கம்பெனி கொடுத்த பில் ஆஃப் லேடிங் என்ற சரக்கு ரசீதை, எடுத்துப் பாருங்கள். கடைசியில் டெலிவரி கொடுக்க வேண்டிய இடம் என்று என்ன போட்டிருக்கிறது? ஜிபூட்டியா, மோஜோவா?

மோஜோ என்பது அடிஸ் அபாபாவுக்கு 70 கிலோமீட்டர் சொச்சம் முன்னால் இருக்கும் உலர் துறைமுகம். கடல் இல்லாத ஊரில் பெட்டி இறக்கும் யார்டு, அவ்வளவுதான். எத்தியோப்பிய அரசுக் கப்பல் நிறுவனம் மூலமாக ஒரே பில்லில் போனால், ஜிபூட்டியில் இறக்கி, லாரியிலோ ரயிலிலோ ஏற்றி, மோஜோ வரை கொண்டுபோய் விடுவது அவர்கள் பொறுப்பு. சுங்கம் எல்லாம் அங்கேதான். ஜிபூட்டி என்று மட்டும் போட்டிருந்தால் கதை வேறு. உங்கள் ஆள் அங்கே ஒரு டிரான்சிட் ஏஜென்டைப் பிடித்து, பேப்பர் போட்டு, லாரி பேசி எடுக்க வேண்டும். வாடகையில்லாமல் விடும் ஃப்ரீ டைம் முடிந்தபின் ஒவ்வொரு நாளும் துறைமுக வாடகை ஒரு பக்கம், பெட்டியைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனி போடும் டிட்டென்ஷன் ஒரு பக்கம் ஏறும்.

லாரி கிடைக்காமல் நிற்பதும் உண்டு, அது பொய்யில்லை. உரக் கப்பல் வரும் சீசனில் லாரியெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். விவசாயிக்கு மழைக்கு முன்னால் உரம் போய்ச் சேர வேண்டும் என்று அரசாங்கமே முன்னுரிமை கொடுக்கும், மற்ற சரக்கு ஓரமாக நிற்கும். நம் ஊரில் எலெக்‌ஷன் டூட்டிக்கு வண்டி பிடிக்கிற மாதிரி.

ஆனால் 41 நாள் என்றால் எனக்கு லாரி மேல் சந்தேகம் இல்லை. டாக்குமெண்டைப் பணம் கட்டித்தானே எடுக்க வேண்டும்? அந்தப் பணம் டாலர். உங்கள் ஆளிடம் எத்தியோப்பிய நாணயமான பிர் இருக்கும், பேங்கில் டாலர் இருக்க வேண்டுமே. 2024 ஜூலையில் அந்த நாணயத்தைச் சந்தை விலைக்கு விட்டார்கள். 57 பிர் இருந்த டாலர் சில வாரத்திலேயே 100-ஐத் தாண்டியது. அதற்கு முன்னால் டாலருக்கு மாசக்கணக்கில் வரிசை. இப்போது முன்னைக்குப் பரவாயில்லை என்றாலும் சின்ன இறக்குமதியாளர்களுக்கு இழுபறிதான். முதலில் உங்கள் பேங்கைப் பிடித்து, டாக்குமெண்ட் அங்கே எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். "ஜிபூட்டி ப்ராப்ளம்" என்பது சொல்வதற்குச் சுலபமான காரணம். தூரத்து ஊர்மேல் பழி போட்டால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்.

அண்ணா நகர் லைப்ரரி எழுதியது:

அண்ணா, நான் குரூப் ஒன்னுக்கும் யூபிஎஸ்சிக்கும் படிக்கிறவன், சரக்கு விவகாரம் தெரியாது. கேள்வியின் இன்னொரு பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

சொந்தத் துறைமுகம் இருந்தது, போய்விட்டது. எரித்திரியா 1993-இல் தனி நாடானதும் செங்கடல் கரை முழுக்க அவர்கள் பக்கம் போய், எத்தியோப்பியா நிலத்துக்குள் மாட்டிக்கொண்டது. அப்போதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை, எரித்திரியாவின் அசாப் துறைமுகம் வழியாகத்தான் பெரும்பாலான சரக்கு போய்க்கொண்டிருந்தது. 1998 மே மாதம் பாத்மே என்ற எல்லை ஊருக்காக இரண்டு நாடும் சண்டை போட ஆரம்பித்ததும் அசாப் வழி அடைந்தது, மொத்தச் சரக்கும் ஜிபூட்டி பக்கம் திரும்பியது. அதிலிருந்து இன்றுவரை எத்தியோப்பியாவின் கடல்வழி வணிகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரே வாசல்தான். 2018-இல் அபிய் அகமது பிரதமராகி எரித்திரியாவோடு சமாதானம் செய்து, அடுத்த வருஷம் நோபல் பரிசும் வாங்கினார், ஆனால் அசாப் வழியாக வணிகம் திரும்பி வரவில்லை.

அளவைப் பாருங்கள். எத்தியோப்பியாவில் 12 கோடிப் பேருக்கு மேல். ஜிபூட்டியில் 10 லட்சம் சொச்சம். பெரிய குடும்பம் ஒன்று சின்ன வீட்டு ஓனரிடம் வாடகைக்கு இருக்கிற மாதிரி. துறைமுகக் கட்டணமாகவே வருஷத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் போகிறது என்று செய்திகளில் வருகிறது. எத்தனை நாளைக்குத்தான் வாடகை கொடுப்பது என்று குடித்தனக்காரர் அவ்வப்போது வேறு வீடு பார்க்கக் கிளம்புகிறார். 2023 அக்டோபரில் செங்கடலைப் பற்றி அபிய் பேசின பேச்சு அந்தப் பக்கத்து நாடுகள் எல்லாவற்றையும் பதற வைத்தது. அப்புறம் 2024 ஜனவரி 1-ஆம் தேதி சோமாலிலாந்தோடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம், கடற்படைக்காக 20 கிலோமீட்டர் கரையைக் குத்தகைக்கு எடுப்பதாக. சோமாலியா கொதித்துப்போனது, ஏனென்றால் அவர்கள் கணக்கில் சோமாலிலாந்து என்று தனி நாடே இல்லை. கடைசியில் துருக்கி நடுவில் உட்கார்ந்து, 2024 டிசம்பரில் அங்காராவில் பேசி ஆற வைத்தது.

உங்கள் மச்சான் பார்த்த வீடியோ அநேகமாக எரித்திரியா பற்றியதாக இருக்கும். கடல் என்று எத்தியோப்பியாவில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அசாப்பைக் கண்ணில் வைத்துத்தான் பேசுகிறார்கள், ஜிபூட்டியை வைத்து அல்ல. அந்தப் பக்கம் சண்டை மூண்டால் உங்கள் பெட்டிக்கு என்ன ஆகும் என்றால், 1998-இல் ஆனதுதான் ஆகும். ஜிபூட்டி இன்னும் கூட்டமாகும்.

பாரிமுனை கிளியரிங் எழுதியது:

தம்பி, வாடகை வீடு உதாரணம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். அந்த ஓனர் வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிறது யார்? குடித்தனக்காரர். 2011-இலிருந்து எத்தியோப்பியாவின் நீர்மின்சாரம்தான் கம்பி வழியாக ஜிபூட்டிக்குப் போகிறது. தண்ணீர்? அதுவும் குடித்தனக்காரர்தான், எல்லைக்கு அந்தப் பக்கம் நிலத்தடியில் எடுத்து 100 கிலோமீட்டர் குழாயில் 2017-இலிருந்து. காய்கறி, பழமும் அங்கிருந்துதான். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த நம் ஊர்க்காரனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதனால் ஓனர் ஒரு நாளும் கேட்டைப் பூட்ட மாட்டார். வாடகையை ஏற்றுவார், அது வேறு விஷயம்.

தாம்பரம் வாத்தியார் எழுதியது:

நான் எத்தியோப்பியாவின் டிரே டாவாவில் நான்கு வருஷம் மெக்கானிக்கல் சொல்லிக்கொடுத்தேன். நம் பக்கத்திலிருந்து அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு வாத்தியார்கள் ஏராளமாகப் போனார்கள், ஒரு காலத்தில் ஸ்டாஃப் ரூமில் தமிழிலேயே அரட்டை அடிக்கலாம். ஆகவே பார்த்ததைச் சொல்கிறேன்.

டிரே டாவா என்ற ஊரே ஜிபூட்டி ரயிலால் பிறந்த ஊர். பிரெஞ்சுக்காரர்கள் ஜிபூட்டியிலிருந்து 1897-இல் போட ஆரம்பித்த தண்டவாளம் 1902-இல் அங்கே வந்தது. மலை ஏற முடியாமலும் காசு இல்லாமலும் அங்கேயே வருஷக்கணக்காக நின்று, 1917-இல்தான் அடிஸ் அபாபா போய்ச் சேர்ந்தது. மீட்டர் கேஜ். நம் பீச்–தாம்பரம் பழைய வண்டி ஓடின அதே அகலம். நான் போனபோது அது செத்துப்போயிருந்தது, ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்கள் மட்டும் நிற்கும். ஆட்டோ என்று சொன்னால் யாருக்கும் புரியாது, அங்கே அதற்குப் பெயர் பஜாஜ். முதல் நாள் ஒரு பையன் "சார், பஜாஜ்?" என்று கேட்டபோது என்னை வேறு யாரோ என்று நினைத்துக் கூப்பிடுகிறான் என்று விழித்தேன்.

புது ரயில் 2016-இல் திறந்து, 2018 ஜனவரியில் வணிக ஓட்டம் ஆரம்பித்தது. சீனக் கடனில், சீனக் கம்பெனிகள் போட்ட 752 கிலோமீட்டர் மின்சாரப் பாதை, முக்கால் பங்கு எத்தியோப்பியாவுக்கு, கால் பங்கு ஜிபூட்டிக்கு. வேடிக்கை என்னவென்றால் புது ஸ்டேஷன் ஊருக்கு வெளியே பொட்டலில் இருக்கிறது, அந்தப் பக்கம் நகாத் ஸ்டேஷனும் ஜிபூட்டி ஊரை விட்டுத் தள்ளித்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயணிகள் வண்டி. நான் ஒரு தடவை போனேன். எல்லை தாண்டியதும் பச்சை என்ற பேச்சே கிடையாது, கறுப்புக் கல், முள்மரம், வெள்ளாடு, தூரத்தில் கானல். ஜன்னல் கண்ணாடியைத் தொட்டால் சுடுகிறது. ஜூன் மாசம், நம் கத்திரி எல்லாம் அதற்குத் தம்பி.

இந்த இரண்டு நாட்டு உறவு புரிய வேண்டும் என்றால் ஜிபூட்டியில் மதியம் ஒரு மணிக்குத் தெருவில் நிற்க வேண்டும். சாட் என்று ஒரு இலை, வாயில் ஒதுக்கி வைத்து மணிக்கணக்காக மெல்லுவார்கள், ஒருவிதக் கிறுகிறுப்பு. விளைவது எத்தியோப்பியாவில், ஹரார் பக்கத்து மலையில். பறித்து இரண்டு நாள் ஆனால் வீரியம் போய்விடும், அதனால் காலையில் பறித்தது மதியத்துக்குள் ஜிபூட்டி போயாக வேண்டும். பன்னிரண்டரையிலிருந்தே ஊர் பரபரக்கிறது. ஆபீஸ்காரன், டாக்சிக்காரன், போலீஸ்காரன் எல்லாம் ஒரே திசையில் பார்க்கிறார்கள். வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு வருகிறது, பெண்கள் கட்டுக்கட்டாக வாங்கி ஈரச் சாக்குக்கு அடியில் வைத்து விற்கிறார்கள், கால் மணி நேரத்தில் தெரு அடங்கிப்போகிறது. ஒரு நாள் வண்டி வரவில்லை என்றால் அரசாங்கத்துக்கே தலைவலி, அதன் வரியும் அதற்கு நல்ல வருமானம். தூதர்கள் கைகுலுக்குவதெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்று, ஜிபூட்டி அதிபர் கெல்லே 1999-இலிருந்து ஆள்கிறார், அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? இதே டிரே டாவா. என் வகுப்பில் ஈசா சோமாலிப் பையன்கள் பாதிப் பேருக்குச் சித்தப்பாவோ மாமாவோ ஜிபூட்டியில் இருப்பார்கள். வடக்கே அஃபார் மக்களும் அப்படியே, இரண்டு பக்கமும் ஒரே சனம்.

உறவுக்குள் புகைச்சல் இல்லை என்று சொல்லவில்லை. எல்லாம் சுமுகம் என்றால் 2021-இல் அந்த ரயில் பாதையை ஊர்க்காரர்கள் மறித்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அது இரண்டு நாட்டுச் சண்டைகூட இல்லை, எத்தியோப்பியாவுக்கு உள்ளேயே அஃபார்–சோமாலி எல்லைத் தகராறு. பாதை நடுவில் போகிறதே, கோபம் வந்தால் கைக்கு எட்டுவது அதுதான்.

சும்மா ஒருத்தன் எழுதியது:

எல்லாம் சரி, ஓனருக்கு இந்த ஒரு குடித்தனம்தானா வருமானம்? அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி, 2017-இலிருந்து சீனா என்று எல்லாரும் அங்கே ராணுவ முகாம் போட்டு வாடகை கொடுக்கிறார்களே. அமெரிக்கா மட்டும் வருஷத்துக்கு 6.3 கோடி டாலர். எத்தியோப்பியா போனால் போகட்டும் என்று உட்கார்ந்துவிடலாமே. செங்கடலில் ஏமன் நாட்டு ஹூத்திக்காரன் வேறு கப்பலை அடித்துக்கொண்டிருந்தான், கேள்வி கேட்ட அண்ணன் சரக்கே போகாமல் கேப்டவுன் சுற்றியிருக்கும் என்று நினைத்தேன்.

பாரிமுனை கிளியரிங் எழுதியது:

மேப்பை எடுத்துப் பாருங்கள் பிரதர். நாம் கிழக்கே இருந்து போகிறோம், ஏடன் வளைகுடாவில் நுழைந்து பாப் எல் மாந்தெப் நீரிணைக்கு முன்னாலேயே இடப்பக்கம் ஜிபூட்டி வந்துவிடும். நீரிணையைத் தாண்ட வேண்டியதே இல்லை. அதைத் தாண்டினால்தான் அசாப். கப்பல் கம்பெனி சரக்கை ஜெட்டா கொண்டுபோய் அங்கிருந்து திரும்பக் கீழே அனுப்பினால்தான் அந்தத் தொல்லை. அதனால்தான் புக் பண்ணும்போதே எங்கே மாற்றுகிறாய் என்று கேட்பது. கொழும்பு என்றால் நிம்மதி.

முகாம் வாடகையில் நாடு ஓடிவிடும் என்பதும் சரியில்லை. ஜிபூட்டியின் டோராலே துறைமுகத்தில் இத்தனை கிரேன் யாருக்காக வாங்கினார்கள்? 10 லட்சம் பேருக்குச் சோப்பும் பிஸ்கட்டும் இறக்கவா? இறங்கும் சரக்கில் பெரும்பகுதி எல்லை தாண்டிப் போவது. குடித்தனக்காரர் போனால் முழு மாடியும் டூ-லெட் போர்டுதான். அதனால்தான் சோமாலிலாந்து விவகாரம் சூடாக இருந்தபோது, 2024-இல் ஜிபூட்டியே வலிய வந்து, என் தஜூரா துறைமுகத்தை நீயே நடத்திக்கொள் என்று எத்தியோப்பியாவுக்குச் சொன்னது. அதைச் சொன்ன வெளியுறவு அமைச்சர் மகமூத் அலி யூசுஃப் அடுத்த வருஷமே ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத் தலைவராகி, ஆபீஸ் எங்கே என்றால் அடிஸ் அபாபாவில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கடற்படை, சொந்தக் கரை என்று கேட்டால் கிடையாது. வியாபாரத்துக்கு வா, பட்டா கேட்காதே, அவ்வளவுதான் கணக்கு.

பெர்பெராவையும் சொல்லிவிடுகிறேன். டோராலே பெட்டித் துறைமுகத்தை நடத்திய துபாய் கம்பெனியை 2018 பிப்ரவரியில் ஜிபூட்டி வெளியே அனுப்பியது. அதே கம்பெனி சோமாலிலாந்தின் பெர்பெராவைப் பெரிதாக்கியது. அதில் எத்தியோப்பியாவுக்கு 19 சதவீதப் பங்கு என்று பேசி, அது 2022-இல் கைவிட்டுப் போனது. பேச்சுக்குப் பஞ்சமில்லை. பெட்டி மட்டும் ஜிபூட்டிக்கே வருகிறது, ஏனென்றால் ரோடும் ரயிலும் ஆயில் டேங்கும் ஏஜென்டும் அங்கே இருக்கிறார்கள்.

தாம்பரம் வாத்தியார் எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம், ரயில் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். கரண்ட் போனால் நிற்கும், ஒட்டகம் குறுக்கே வந்தாலும் நிற்கும். சரக்கில் பெரும்பகுதி இன்னமும் லாரிதான், கலாஃபி எல்லை வழியாக. போகும்போது நிறைய, திரும்பி வரும்போது காலிப் பெட்டி. எத்தியோப்பியா வாங்குவது அதிகம், விற்பது குறைவு. காபி சீசனில் மட்டும் திரும்புகிற வண்டியிலும் சரக்கு இருக்கும். டாலர் தட்டுப்பாட்டுக்கும் இதுதானே வேர்.

அம்பத்தூர் லேத் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று முழுக்க பேங்க் வாசலிலேயே போனது. பாரிமுனை சார் சொன்னது சரியாகிவிட்டது. பி.எல்.-இல் ஜிபூட்டி என்று மட்டும்தான் இருக்கிறது, மோஜோ பெயரே இல்லை, அவன் சொன்னபடி நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். டாக்குமெண்ட் அவன் பேங்குக்குப் போய் 33 நாள் ஆகிறது, இன்னும் எடுக்கவில்லை. அதாவது லாரியும் இல்லை, உரமும் இல்லை, ஜிபூட்டியும் இல்லை.

இதை எழுதி அனுப்பினேன். மூன்று மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் போனே வந்தது, இத்தனை நாளில் முதல் தடவை. பேங்க் அவன் கேட்ட டாலரில் பாதிக்குத்தான் ஒப்புதல் கொடுத்திருக்கிறதாம், மீதிக்குப் பத்து நாள் கேட்கிறான். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன், அவமானமாக இருந்தது என்றான். கோபம் பாதி போய்விட்டது, நானும் ஜிஎஸ்டி ரீஃபண்ட் வரவில்லை என்று இரும்புக் கடைக்காரரிடம் இதே மாதிரி எத்தனை கதை விட்டிருப்பேன்.

பாரிமுனை சார், கடைசியாக ஒன்று. அவன் எடுக்காமலே விட்டுவிட்டால் டிட்டென்ஷன் யார் தலையில்?

பாரிமுனை கிளியரிங் எழுதியது:

பில்லில் ஷிப்பர், அதாவது சரக்கு அனுப்பியவர், என்று யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் கப்பல் லைன் தேடி வரும், அதாவது உங்களை. அதனால் பத்து நாள் கொடுங்கள், ஆனால் இன்றைக்கே லைனுக்கு மெயில் போட்டு எத்தனை ஏறியிருக்கிறது என்று கணக்கு வாங்கி, அவனுக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள். எண்ணைப் பார்த்தால் அவனே பேங்குக்கு ஓடுவான். அடுத்த ஆர்டரை எடுங்கள், தப்பில்லை. இந்தியாவிலேயே ஒரு பேங்க் உறுதி கொடுத்த எல்.சி. (வாங்குபவரின் பேங்க் பணத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதக் கடிதம்), டெலிவரி மோஜோ என்று பில்லில் தெளிவாக, இரண்டும் இல்லாமல் பட்டறையை விட்டு ஒரு ரோலர்கூட வெளியே போகக் கூடாது.

அம்பத்தூர் லேத் எழுதியது:

சரி சார். மெயில் போட்டாயிற்று. மச்சானிடம் சண்டை எதுவும் இல்லை, டாலர்தான் இல்லை என்றேன். அவர் இப்போது டாலர் பற்றி வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.